ஜம்புலிங்கத்தின் இரும்புக் கட்டில்

நயா டேரா குடியேற்றத்தில் ஜம்புலிங்கம் வந்து இறங்கியது ஐம்பத்தேழாம் வருஷம், ஐப்பசி மாதம். போர்ட் பிளேரிலிருந்து படகில் ஒரு முழுப் பகல் வர வேண்டிய இடம். காட்டை வெட்டி, முப்பத்தெட்டுக் குடும்பங்களைக் கொண்டுவந்து இறக்கி, இனிமேல் இதுதான் உங்கள் ஊர் என்று சர்க்கார் சொல்லியிருந்தது. தலைக்கு மேல் மழை, காலுக்குக் கீழ் அட்டை. தமிழர், வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று எல்லாரும் அரைகுறை இந்தியில் ஒருவரையொருவர் விசாரித்தபடி குடிசை போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தக் கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் ஆள் வேண்டாமா? அதற்காகத்தான் குடியேற்ற ஆபீசுக்குப் பெரிய கிளார்க்காக ஜம்புலிங்கம் வந்தார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடை, ஒரு ரூல்தடி. வேறு சாமான் இல்லை, பெண்டாட்டி பிள்ளையும் இல்லை.

பெண் பார்க்காமல் இல்லை. கும்பகோணத்துப் பக்கம் ஏழு இடத்தில் பார்த்தார்கள். ஒன்று உயரம் கூடுதல், ஒன்று குறைச்சல், ஒன்றுக்குப் பேச்சு அதிகம், ஒன்றுக்கு வாயே கிடையாது. அளவான பெண் வருவதற்குள் அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. உலகத்தில் எதுவுமே அளவாக இருப்பதில்லை என்பது அவருடைய தீராத மனக்குறை. தீவுக்கு மாற்றல் என்றால் மற்றவர்கள் யார் காலையாவது பிடித்து ரத்து செய்துகொள்வார்கள். இவர் சந்தோஷமாகக் கப்பலேறினார். புது ஊர், புது ஆபீஸ், எல்லாவற்றையும் முதலிலிருந்தே அளவாகச் செய்யலாம் என்று நினைத்தார். ஊரின் கெட்ட நேரம், நினைத்ததைச் செய்தும் விட்டார்.

வந்த வாரமே மேலிடத்திலிருந்து ஒரு சர்க்குலர். முதல் அறுவடை வருகிறவரை அரிசியும் பருப்பும் சர்க்கார் கொடுக்கும், குடும்பத்துக்குச் சராசரி ஐந்து பேர் என்று வைத்து மூட்டைகள் அனுப்பப்படும் என்று இருந்தது. சராசரி என்றால் என்னவென்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். ஜம்புலிங்கத்துக்கும் தெரியும். ஆனால் காகிதத்தின் மேல் கிடக்கும் தூசியைப்போல அந்தச் சொல்லை ஊதிவிட்டு மிச்சத்தைப் படித்தார். குடும்பம் என்றால் ஐந்து பேர். ரூல்தடியை எடுத்து ஒரு தாளில் ஐந்து வரி போட்டார். பெயர், வயது, உறவு என்று மூன்று கட்டம். அடியில் 'சரிபார்த்தவர் கையெழுத்து'. தலைப்பில் 'பாரம் நான்கு' என்று எழுதினார். ஒன்றும் இரண்டும் மூன்றும் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஐந்நூறு பிரதி அச்சாகி வந்தது.

ஊரில் சரியாக ஐந்து பேராக இருந்த குடும்பம் பத்துகூடத் தேறாது. மற்றவையெல்லாம் ஏழு, மூன்று, இரண்டு, ஆறு என்று கடவுள் கொடுத்தபடி இருந்தன. கடவுளிடம் பாரம் இல்லை. ஜம்புலிங்கம் மூன்று நாள் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். நான்காம் நாள் கதவு திறந்தபோது முப்பத்தெட்டுக் குடும்பமும் ஐந்தைந்து பேராக இருந்தது. பெரிய குடும்பத்தில் ஆறாவதாக வருகிறவரை எடுத்து, சின்னக் குடும்பத்தின் காலி வரியில் எழுதிவிட்டார். அப்படி இடம் மாறியவர்களுக்கு 'உபரி' என்று ஒரு பெயரும் வைத்தார்.

முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோவிந்தராஜுக்கும் பொன்னம்மாவுக்கும் நாலு பிள்ளைகள், ஆக ஆறு பேர். கடைக்குட்டி சந்திரமதிக்கு நாலு வயசு. அவளுக்கு வரி இல்லை. பக்கத்து மேட்டில் செபஸ்தியான் மாஸ்டரும் அவர் மனைவி கிளாராவும் இருந்தார்கள். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர்கள். மாஸ்டர் சாமியாராகப் போகிறேன் என்று செமினரியில் நாலு வருஷம் லத்தீனும் கிரேக்கமும் படித்து, அப்புறம் கிளாராவைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர். குடியேற்றத்துப் பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் வாத்தியார். பிள்ளையில்லாத அந்த வீட்டில் மூன்று வரி காலி. சந்திரமதியும், ஹரிபதா என்ற வங்காளியின் இரட்டைப் பையன்களும் அதில் ஏறினார்கள். ஒரே நாளில் மூன்று பிள்ளைக்குத் தகப்பனான மாஸ்டர், அவர்களில் இரண்டு பேருக்குத் தமிழே தெரியாது என்பதையும் அன்றைக்கே தெரிந்துகொண்டார்.

"பேருக்குத்தானே? பிள்ளை உங்க வீட்டிலேயே இருக்கட்டும்" என்று ஜம்புலிங்கம் பெரிய மனசோடு சொன்னார்.

பேருக்குத்தான். ஆனால் ரேஷன் ஸ்டோரில் அவரே போட்ட இன்னொரு விதி இருந்தது. ஆள் நின்றால்தான் அரிசி. செவ்வாய்க்கிழமைதோறும் ஒவ்வொரு பாரத்துக்காரரும் ஐந்து பேராக வரிசையில் நிற்க வேண்டும். பேர் கூப்பிட்டால் 'ஹாஜிர்' என்று சொல்ல வேண்டும். அதனால் செவ்வாய் காலையில் பொன்னம்மா மகளுக்குத் தலைசீவிப் பொட்டு வைத்து, மாஸ்டரிடம் கொண்டுபோய் ஒப்படைப்பாள். அரிசி வாங்கியதும் ஸ்டோருக்குப் பின்னால் மாஸ்டர் அந்தப் பங்கை அவள் கூடையில் கொட்டிவிடுவார். அரிசி வந்துவிடும். ஆனால் வரிசையில் நிற்கும்போது என்னை அம்மா என்று கூப்பிடாதே என்று பெற்றவளே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

கார்த்திகை மாதத்து மழையில் ஒரு செவ்வாய். சந்திரமதியின் கால்விரல் இடுக்கில் அட்டை ஏறிவிட்டது. குழந்தை அலறிக்கொண்டு, "அம்மா" என்று வரிசையை விட்டு ஓடிப்போய்ப் பொன்னம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது. ஜம்புலிங்கம் பேனாவைக் கீழே வைத்தார்.

"எந்த அம்மாவைக் கூப்பிடுது இது?"

"பெத்தவளத்தான் கூப்பிடுது சார்" என்றாள் பொன்னம்மா, அட்டையைப் பிடுங்கிக்கொண்டே.

"பாரத்துப்படி இதுக்கு அம்மா கிளாரா. அழுதா அங்கேதான் ஓடியிருக்கணும்."

"நாலு வயசுப் பிள்ளைக்குப் பாரம் படிக்கத் தெரியாதுங்க."

"இப்படி இஷ்டத்துக்கு ஓடினா, யாரு எந்த வீட்டு ஆளுன்னு நான் எப்படிச் சரிபார்க்கிறது?"

ரிஜிஸ்தரைத் திருப்பி, 'பதிவுக்கு முரணான அழுகை' என்று எழுதினார். இரண்டு குடும்பத்துக்கும் அந்த வாரத்து அரிசி கிடையாது.

"செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுற ஆபீசை இங்கதான்யா பார்த்தேன்" என்றாள் பொன்னம்மா, வரிசை முழுக்கக் கேட்கும்படி. தமிழர்கள் முதலில் சிரித்தார்கள். யாரோ அதை இந்தியில் சொல்ல, வங்காளிகள் சிரித்தார்கள். தெலுங்கர்களுக்குப் போய்ச் சேர இன்னும் கொஞ்ச நேரமாயிற்று. எல்லாரும் சிரித்து முடிக்கிறவரை ஜம்புலிங்கம் ரிஜிஸ்தரில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் அன்று மாலையே போர்ட் பிளேருக்கு இங்கிலீஷில் ஒரு பெட்டிஷன் எழுதினார். மூன்று பக்கம். பொன்னம்மா சொன்ன செருப்பையும் காலையும் இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று யோசித்தார். செமினரியில் படித்த ஒரு சொல் ஞாபகம் வந்தது. ப்ரோக்ரஸ்டியன். 'பெரிய கிளார்க்கின் ப்ரோக்ரஸ்டியன் முறைகளால் தாயும் பிள்ளையும் பிரிக்கப்படுகிறார்கள்' என்று எழுதி அனுப்பினார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமி அந்தச் சிரமத்தையும் வைத்துக்கொள்ளவில்லை, பெட்டிஷனைப் பிரிக்காமலே பூசாரிக்கு அனுப்பிவிட்டது. ஜம்புலிங்கத்தைப் பற்றிய புகார் ஜம்புலிங்கத்தின் மேஜைக்கே வந்து சேர்ந்தது. 'ஏழு நாளில் விளக்கம் தேவை' என்று மூலையில் எழுதியிருந்தது.

மூன்று பக்கத்தையும் வரி வரியாக மறுத்தார். அந்த ஒரு சொல்லில் மட்டும் மாட்டிக்கொண்டார். ஆபீஸ் அகராதியில் கரையான் தின்றது போக மீதியில் அது இல்லை. அர்த்தம் தெரியாமல் எப்படி மறுப்பது? ஆழம் தெரியாமல் காலை விடுகிற ஆளில்லை அவர். இருபது மைலுக்குள் அந்தச் சொல் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். ஜம்புலிங்கம் குடையை எடுத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனார்.

"மாஸ்டர், என் மேல பெட்டிஷன் போட்டிருக்கீங்க. சந்தோஷம். அதுல ஒரு சொல்லுக்கு அர்த்தம் வேணும். மறுக்கணும்."

கிளாரா டீ கொண்டுவந்து வைத்தாள். மாஸ்டர் சொன்னார். ரொம்ப காலத்துக்கு முன்னால் கிரேக்க நாட்டில், ஏதென்ஸுக்குப் போகிற ரோட்டில் ஒரு கொள்ளைக்காரன் வீடு கட்டிக்கொண்டு இருந்தான். வழிப்போக்கர்களை வலிய அழைத்துச் சோறு போடுவான். படுக்க ஓர் இரும்புக் கட்டில் கொடுப்பான். ஆள் கட்டிலைவிட நீளமாக இருந்தால் மிஞ்சின காலை வெட்டுவான். குட்டையாக இருந்தால் சுத்தியலால் அடித்துக் கட்டில் அளவுக்கு நீட்டுவான். அதனால் அவனுக்கு ப்ரோக்ரஸ்டீஸ் என்று பேர். கிரேக்கத்தில் அதற்கு அடித்து நீட்டுகிறவன் என்று அர்த்தம். ஓர் அளவை முன்கூட்டியே வைத்துக்கொண்டு மனுஷனை அதற்குள் திணிக்கிற எதையும் அவன் பேரை வைத்து அப்படிச் சொல்வது வழக்கம்.

ஜம்புலிங்கம் டீயைக் கையில் பிடித்தபடி கேட்டார். முகத்தில் கோபமே இல்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி கண் விரிந்திருந்தது.

"கட்டில் எத்தனை அடி நீளம்?"

"அதைக் கதையில சொல்லலை சார்."

"எழுதி வைக்கலையா? அதுதான் அவன் செஞ்ச தப்பு. மத்தபடி பாருங்க, எல்லாருக்கும் ஒரே கட்டில். ராஜாவானாலும் ஆண்டியானாலும் அதே அளவு. பாரபட்சம் கிடையாது. அவனைப் போய்க் கொள்ளைக்காரன்னு சொல்றீங்களே."

"படுத்தவங்க செத்துப் போயிடுவாங்க சார்."

"அது வேற இலாகா" என்றார் ஜம்புலிங்கம்.

"கதை இன்னும் முடியலை. கடைசியில..."

"கடைசி வேண்டாம் மாஸ்டர். அந்தச் சொல்லுக்கு மட்டும்தான் விளக்கம் கேட்டிருக்காங்க." குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

மறுநாள் படகில் விளக்கம் போயிற்று. 'மனுதாரர் குறிப்பிடும் இரும்புக் கட்டில் இந்த ஆபீசின் இருப்புப் பதிவேட்டில் இல்லை. இதற்கு முன்பும் இருந்ததில்லை.' ஒரு மாதம் கழித்து, விளக்கம் ஏற்கப்பட்டது, மனு முடிக்கப்பட்டது என்று பதில் வந்தது. மாஸ்டர் அதைப் பொன்னம்மாவிடம் படித்துக் காட்டினார். அவள் அடுப்பை ஊதப் போனாள்.

அறுவடை வந்தது, இலவச அரிசி நின்றது. பாரம் மட்டும் நிற்கவில்லை. ரேஷன் கார்டுக்கு அதுதான், பள்ளிக்கூடத்துக்கு அதுதான், ஆஸ்பத்திரிச் சீட்டுக்கும் அதுதான். ஊரில் யாராவது செத்தால் ஜம்புலிங்கம் துக்கம் கேட்கத் தவறாமல் போவார், காலி வரிக்கு ஓர் உபரியோடு. புதிதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு ஐந்து சேர்ந்ததும் ஒரு பாரம் திறப்பார். எழுபதாம் வருஷம் நயா டேராவில் ஐந்து கைக்குழந்தைகள் மட்டுமே கொண்ட ஒரு குடும்பம் இருந்தது. குடும்பத் தலைவருக்கு வயது இரண்டு. மேலிடத்து இன்ஸ்பெக்டர் ஒருவர் அந்த ரிஜிஸ்தரைப் புரட்டிப் பார்த்து, இவ்வளவு சுத்தமான பதிவைத் தீவிலேயே கண்டதில்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

எழுபத்திரண்டில் கோவிந்தராஜ் மேல் வெட்டுமரம் சாய்ந்து, அங்கேயே உயிர் போயிற்று. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பொன்னம்மா ஆபீசுக்குப் போனாள்.

"என் வீட்டுக்காரரு போயிட்டாருங்க. அந்த வரியில என் மகளை எழுதிருங்க."

"எழுதினா மாஸ்டர் பாரத்துல ஒண்ணு குறையும்."

"மாஸ்டருக்குச் சம்மதம்தாங்க."

"மாஸ்டர் சம்மதிக்கலாம். பாரம் சம்மதிக்காது."

அந்தச் சமயம் பார்த்துக் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் வந்துபோயிருந்ததால் உபரி வரத்தும் நின்றுபோயிருந்தது. ஆகவே மாதாமாதம் அவளுக்கு ஒரு நோட்டீஸ் போகும். 'குறை ஒன்று. நிரப்பவும்.' தாலி இழந்தவளுக்கு இப்படி நோட்டீஸ் அனுப்பினால் எப்படியிருக்கும் என்று அவர் யோசித்ததில்லை. யோசிக்க அந்தத் தாளில் கட்டம் இல்லை.

இரண்டு வருஷம் போயிற்று. சந்திரமதிக்கு இருபத்தொரு வயசு. போர்ட் பிளேர்ப் பக்கத்துச் சிப்பிகாட் பண்ணையில் வேலை பார்க்கும் பையனோடு கல்யாணம் நிச்சயமானது. கல்யாணப் பதிவுக்கு ஆபீசிலிருந்து வந்த நகலில் தகப்பன் செபஸ்தியான், தாய் கிளாரா என்று இருந்தது. பெற்ற மகள் கல்யாணத்தில் பொன்னம்மா காகிதப்படி பக்கத்து வீட்டுக்காரி. அன்றைக்கு அவள் வாய்விட்டே அழுதாள். கிளாரா பக்கத்தில் உட்கார்ந்து கூட அழுதாள்.

அதே மாதம் ஜம்புலிங்கத்துக்கு ஐம்பத்தெட்டு முடிந்து ரிடையர்மென்ட். ஊருக்கெல்லாம் அளவு பார்த்த மனுஷன் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அவருக்கு நயா டேராவைப் பிடித்துவிட்டது. மேன்லேண்டில் அவருக்கு யாரும் இல்லை, அண்ணன் இவர் பங்கையும் சேர்த்து வீட்டை விற்றுவிட்டான். ஆபீசுக்குப் பின்னால் சரிவில் ஒரு தகரக் குடிசை போட்டு, முன்னால் ஐந்து பாக்கு மரம் ஒரே இடைவெளியில் நட்டிருந்தார். சாயங்காலம் அங்கே உட்கார்ந்தால் கடல் தெரியும். செத்தாலும் இங்கேதான் சாக வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டார்.

அவர் இடத்துக்குப் போர்ட் பிளேரிலிருந்து ராஜமாணிக்கம் என்பவர் வந்திருந்தார். மரியாதையான ஆள். எல்லா ஃபைலையும் படித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

"சார், ரிடையரான பிறகு நீங்க ஊழியரும் இல்லை, குடியேறினவரும் இல்லை. ஏதாவது ஒரு பாரத்துல பேர் இருந்தாத்தான் இங்கே தங்கலாம். இல்லேன்னா பதினெட்டாம் தேதிக் கப்பல்."

"எனக்குத் தனியா ஒரு பாரம் போடுங்க."

"ஒரு ஆளுக்குப் பாரமா? ஐந்து பேர் வேணும்னு அறுபத்து மூணுல நீங்களே நோட்டு எழுதியிருக்கீங்க."

"அதுல விதிவிலக்கு வெச்சுக்கலாமே."

"விதிவிலக்கு கிடையாதுன்னு அறுபத்தஞ்சுல எழுதியிருக்கீங்க சார். ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க."

ஜம்புலிங்கம் பாரங்களை எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு காலி வரி தேடினார். எங்கும் இல்லை. ஒவ்வொரு வரியையும் அவரே தேடித் தேடி அடைத்திருந்தார். கடைசியில் ஒரே ஒரு பாரத்தில் ஒரு காலி வரி அகப்பட்டது. யாருடையது என்று பார்த்துவிட்டு, விரல் வைத்து இன்னொரு தடவை படித்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பொன்னம்மா வாசலில் பாக்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பாரத்துல ஒரு வரி காலியா இருக்கு" என்றார்.

"தெரியும் சார். ரெண்டு வருசமா நீங்கதானே நோட்டீஸ் அனுப்புறீக."

"அதை நிரப்பிடலாம்னு வந்தேன்." குடையை மடக்கினார். "நானே வந்துடறேன். பேருக்குத்தான்."

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் பாக்கைக் கீழே வைத்தாள்.

"அந்த வரி என் மகளுக்கு, சார்."

"அப்படிச் செஞ்சா மாஸ்டர் பாரத்துல ஒண்ணு குறை..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"குறையட்டும்" என்றாள் பொன்னம்மா. "அவ நின்ன எடத்துல நீங்க போயி நில்லுங்க."

ஆபீசில் அவருடைய கடைசி நாளன்று இரண்டு பாரமும் மேஜைக்கு வந்தன. பொன்னம்மா பாரத்தில், சந்திரமதி, இருபத்தொன்று, மகள் என்று ராஜமாணிக்கம் எழுதினார். மாஸ்டர் பாரத்தில், ஜம்புலிங்கம், ஐம்பத்தெட்டு என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"உறவு?"

"அப்பான்னு போட முடியாது" என்றார் மாஸ்டர். "எங்க அப்பா தூத்துக்குடியில கல்லறையில இருக்கார்."

ராஜமாணிக்கம் பழைய ரிஜிஸ்தரைப் புரட்டினார். "உறவு இல்லாம வந்து சேர்றவங்களுக்கு சார் ஒரு சொல் வெச்சிருக்காங்களே" என்று, அழகான கையெழுத்தில் 'உபரி' என்று எழுதினார். சரிபார்த்தவர் கையெழுத்துக்குத் தாளைத் திருப்பி ஜம்புலிங்கத்திடமே நீட்டினார். அவர் போட்டார். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாகக் கையெழுத்து கட்டத்தை விட்டு வெளியே போயிற்று.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஸ்டோரில் வரிசை நின்றது. ஆள் நின்றால்தான் அரிசி என்ற விதி அப்படியேதான் இருந்தது, எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. மாஸ்டர், கிளாரா, மீசை முளைத்த இரட்டைப் பையன்கள், அவர்களுக்குப் பின்னால் ஜம்புலிங்கம். பக்கத்து வரிசையில் பொன்னம்மாவோடு சந்திரமதி நின்றாள். அம்மா, பையைக் குடும்மா, வெயில்ல நிக்காதேம்மா என்று வாய்க்கு வாய் அம்மா போட்டாள். அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே போட்டாள்.

ஜம்புலிங்கம் எட்டி மாஸ்டரின் தோளைத் தொட்டார். "மாஸ்டர், அந்தக் கட்டில்காரன் கதை. கடைசியில என்ன ஆச்சு?"

"ஒரு வழிப்போக்கன் வந்தான் சார். அந்தக் கட்டில்காரனையே பிடிச்சு அவன் கட்டில்லயே படுக்க வெச்சுட்டான்."

"அளவு சரியா இருந்ததா?"

"இல்லை சார். யாருக்குமே சரியா இருந்ததில்லை."

ராஜமாணிக்கம் பேர் கூப்பிட ஆரம்பித்தார். செபஸ்தியான், ஹாஜிர். கிளாரா, ஹாஜிர். பையன்கள் இரண்டு பேரும் ஹாஜிர்.

"உபரி ஒன்று."

பதில் இல்லை. ராஜமாணிக்கம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "நின்னா மட்டும் போதாது சார். சொல்லணும்."

"ஹாஜிர்" என்றார் ஜம்புலிங்கம்.